உடைக்க மனம் வராத குழாய்

கடைக்குள் போய், ஒரு சாமானைக் கையில் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் திருகாணியை உற்றுப் பார்த்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதில்கூட வைத்துக் கேட்டுவிட்டு, கடைக்காரர் ஆவலோடு நெருங்கி வருகிற சமயம் பார்த்து அதை அலமாரியிலேயே திருப்பி வைத்து, "இதை எதுக்கு வாங்கணும், வீட்டிலேயே பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு வெளியேறும் ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். உயிரியல் புத்தகங்களில் இந்த இனத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் 'வீட்டிலேயேகாரர்' என்று வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் வேறு பெயரை நீங்களே வீட்டில் தயாரித்துக்கொள்ளுங்கள்.

கஞ்சன் என்று அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். செருப்பு வைக்க ஒரு தட்டு செய்வதற்காகத் துளைபோடும் இயந்திரம், ரம்பம், ஒரு மூட்டை திருகாணி என்று வாங்கிக் குவிப்பவர் எப்படிக் கஞ்சனாவார்? அவருக்கு வேண்டியது மிச்சமல்ல, பெருமை. விருந்துக்குப் போன வீட்டில் உட்காரும் முன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். அலமாரிக் கதவைத் திறந்து மூடி, கீல் முனகுவதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவு நாடா இருக்கும். அவருடைய வேதம் மொத்தமே மூன்று வாக்கியம்தான். பொருளைப் பார்க்கும்போது, "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" வேலை பாதியில் நிற்கும்போது, "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்." முடிந்து, உடைந்து, யாராவது கீழே விழுந்த பிறகு, "அடுத்த தடவை சரியா வரும்."

நான் சொல்லப் போகிற ஆள் இந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வண்டி மோதிவிட்டது, கூரை இடிந்துவிட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று சரிபார்ப்பது அவர் பொறுப்பு. "சொன்னா ஆச்சா? ஆதாரம் எங்க?" என்பார். போட்டோ கொடுத்தால் இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்து வரச் சொல்வார். கட்டுப்போட்ட காலோடு வந்தவரிடம்கூட, கட்டைக் கொஞ்சம் அவிழ்க்க முடியுமா என்று கேட்டதாகப் பேச்சு. அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, தன் கையால் ஒன்றைச் செய்துவிட்டால் அதற்கு ஆதாரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். "நான் செஞ்சது" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது.

அந்த வீட்டுக்குள் ஒரு நடை வந்து பாருங்கள். வாசலில் இருக்கும் அழைப்பு மணியை அடித்தால் பக்கத்து வீட்டில் அடிக்கும். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே போகிறவருக்கு ஒத்துழைக்கும், வெளியே வருகிறவருக்கு ஒத்துழைக்காது. வரவேற்பறையில் அவர் செய்த சாய்வு நாற்காலியிலிருந்து பெரியப்பா எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. நம்மாளின் மனைவி ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவர், வீட்டம்மா என்போம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் பொறுத்து வந்தார். நாற்காலிதானே, போனால் போகிறது. இந்த இனத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் அந்தப் 'போனால் போகிறது' என்ற வார்த்தையை வைத்துத்தான் காலத்தை ஓட்டுகிறார்கள்.

போனால் போகிறது என்று சொல்ல முடியாத ஒன்றும் ஒரு நாள் வந்து சேர்ந்தது.

வீட்டம்மாவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்து ஆளானவன். அவனுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததே நம்மாள்தான். சைக்கிளும் அவர் கைவேலைதான் என்பதால் தம்பிக்கு ஒரு முன்பல் கிடையாது. அதற்காக மாமாவை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவனுக்கு ஒரே பைத்தியம், பறப்பது. ஊருக்கு வெளியே ஒரு பறக்கும் மன்றத்தில் சேர்ந்து, முறையாகக் கற்று, ஒரு ஆள் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, அங்கே ஒரு ஷெட்டில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். இறக்கை வந்தாயிற்று, இஞ்சின் வந்தாயிற்று, ஒரே ஒரு தண்டுதான் பாக்கி. விமானி கையில் இருக்கும் பிடியை வாலோடு இணைக்கும் தண்டு அது. பிடியை இழுத்தால் தண்டு வாலை அசைக்கும், விமானம் மூக்கைத் தூக்கும். பெட்டியில் வந்த தண்டு வழியிலேயே நெளிந்துவிட்டது.

"புதுசு அனுப்பச் சொல்லியிருக்கேன். வர நாளாகும்" என்று தம்பி சாப்பாட்டு மேஜையில் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது.

நம்மாள் தண்ணீர் குடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். "அது என்ன தண்டு?"

"சும்மா ஒரு குழாய்தான் மாமா. ரெண்டு நுனியிலயும் மாட்டுறதுக்கு அலுமினியத்துல ஒரு முனை இருக்கும்."

"வெறும் குழாய்."

"ஆமா, குழாய்தான்."

"ஒரு குழாய்க்காகவாடா ஒரு விமானம் காத்துக்கிட்டிருக்கு?"

வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அடுத்த வாக்கியம் என்ன என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"கார்பன் ஃபைபர்ல வீட்டிலேயே பண்ணிடலாம்."

தம்பி அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். லிஃப்ட் கம்பியில் ஒரு இழை பிய்ந்திருந்தால்கூட பூட்டுப் போட்டு, கட்டடம் முழுவதையும் படியேற வைக்கிறவன் அவன். ஆனால் எதிரே உட்கார்ந்து கண் பளபளக்கப் பார்க்கிறவர் அவனைத் தூக்கி வளர்த்தவர். "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்" என்று மட்டும் முனகினான். இந்த இனத்தின் காதில் அது 'சரி' என்றுதான் விழும். தம்பி வானத்திலிருந்து விழுந்தாலும் விழுவானே தவிர, மாமா மனம் நோக ஒரு வார்த்தை பேச மாட்டான் என்று வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

செய்முறை என்னவோ கேட்பதற்கு எளிதுதான். வழவழப்பான ஒரு அலுமினியக் குழாயை அச்சாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் இருக்க அதன்மேல் மெழுகு தடவி, கறுப்புக் கார்பன் துணியைச் சுற்றி, இரண்டு புட்டியில் வரும் எபாக்சிப் பசையை அளந்து கலந்து ஊறப் பூசி, மேலே சுருங்கி இறுக்கும் நாடாவைச் சுற்றி, சூடு காட்ட வேண்டும். இறுகியதும் உள்ளே இருக்கும் அலுமினியத்தை உருவிவிட்டால் கையில் கனமே தெரியாத குழாய் நிற்கும். வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டே இதைச் செய்தார். நம்மாள் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில் வீட்டம்மா மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போது அதே விசில் அவர் வாயிலும் வந்தது.

வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சமையலறைத் தராசு போயிற்று, பசை நிறுக்க. ஹேர் டிரையர் போயிற்று, சூடு காட்ட. விருந்தாளிகள் படுக்கும் அறை போயிற்று, அதில் இனி எந்த விருந்தாளியும் கால் வைக்க முடியாது. கார்பன் துணியை வெட்டிய தூசி சட்டைக்குள் போய் உடம்பெல்லாம் அரித்ததில், அலுவலகத்தில் ஒரு விதவையின் கோரிக்கையை விசாரிக்கும்போது நம்மாள் இடைவிடாமல் சொறிந்துகொண்டே இருந்தார். அந்த அம்மாள் அதைத் தயக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு ஆதாரத்தை எடுத்து வைத்தார்.

எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நம்மாளுக்குக் கொஞ்சம் என்ற சொல்லோடு பழக்கமில்லை. குவளை நிறையக் கலந்து மேஜையில் வைத்தார். மொத்தமாகக் கலந்த பசை தானாகவே சூடேறும் குணம் உள்ளது. குவளை நெளிந்தது.

"என்னங்க, மேஜை புகையுது" என்றார் வீட்டம்மா.

"புகையட்டும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இருமல் மருந்தைக்கூட நாங்க மூடியில அளந்துதான் ஊத்துறோம்."

"அது இருமல்" என்றார் நம்மாள். அந்த மேஜையின்மேல் இப்போது எப்போதும் ஒரு பூச்சாடி இருக்கிறது. அதை யாரும் நகர்த்துவதில்லை.

இதற்கு நடுவே நம்மாள் பெரிய ஞானம் ஒன்றையும் பெற்றுவிட்டார். அலுவலகத்தில், பேருந்தில், முடிவெட்டும் கடையில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ஒரே பசை, ஒரே துணி. ஜோடியா ரெண்டு குழாய் பண்ணணும். ஒண்ணை உடைச்சுப் பாக்கணும். எவ்வளவு பாரத்துல உடையுதுன்னு கண்ணால பாத்தாதான் இன்னொண்ணை நம்பலாம். அதான் முறை." வீட்டம்மாவுக்கு இதைக் கேட்டதும் பாதி உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, ஏதோ ஒரு முறையாவது வைத்திருக்கிறாரே.

முதல் குழாய் அச்சை விட்டு வரவில்லை. மெழுகை ஏதோ கடமைக்குத் தடவியிருந்தார், பசை அச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. தம்பி ஒரு நுனி, நம்மாள் ஒரு நுனி என்று இழுத்தார்கள். பிறகு ஒரு நுனியைக் கேட்டில் கட்டிவிட்டு இரண்டு பேரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். கேட் வந்தது. குளிர்ந்தால் அலுமினியம் சுருங்கும், கார்பன் அவ்வளவாகச் சுருங்காது என்று எங்கோ படித்த ஞாபகத்தில் ஃப்ரீசரைக் காலி செய்து, குழாயைக் குறுக்கே நுழைத்து, மூடாத கதவைக் கயிறு போட்டுக் கட்டினார். உள்ளே இருந்த சாமான் எல்லாம் வெளியே கிடந்து கெட்டது. குழாய் மட்டும் அப்படியே இருந்தது.

"இது இப்ப ரெட்டைச் சுவர்" என்றார் நம்மாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் பலம்."

ஆனால் மனசுக்குள் அவமானம். அடுத்த அச்சுக்கு அவர் மெழுகு தடவிய தடவலைப் பார்த்தால், எந்தக் குழந்தைக்கும் யாரும் அப்படி எண்ணெய் தேய்த்திருக்க மாட்டார்கள் என்பீர்கள். தடவினார், காயவிட்டார், துடைத்தார், மறுபடியும் தடவினார். துடைக்க வேண்டும் என்ற இடத்திலும் துடைக்காமல் இன்னொரு பூச்சுப் பூசினார். அறையின் தரையிலும் மெழுகு, கதவுப் பிடியிலும் மெழுகு. தம்பி ஒரு முறை வழுக்கி உள்ளே வந்து, நிற்க இடமில்லாமல் அப்படியே வெளியே போனான். பலன்? துணி சுற்றி, பசை இறுகி, நம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரே இழுப்பு. உறையிலிருந்து வாள் வருவது போல அச்சு வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்தக் குழாயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குறை சொல்ல வந்த எனக்கே சொல்ல ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரி மேனி, அதற்குள் பின்னல் பின்னலாகத் துணியின் நெய்வு. ஒரு விரலில் நிறுத்தலாம். நம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஜோடியும் அப்படியே வந்தது. இரண்டையும் வீட்டம்மாவின் புதுத் துண்டில் சுற்றி, கட்டிலில் தன் பக்கத்திலேயே படுக்க வைத்தார்.

"ஒண்ணை உடைச்சாச்சா?" என்று மறுநாள் வீட்டம்மா கேட்டார்.

"உடைக்கணும்."

"எப்ப?"

"இது ரொம்ப நல்லா வந்திருக்கு. இதைப் போய் உடைப்பாங்களா? சுமாரா இன்னொண்ணு பண்றேன். அதை உடைச்சுக்கலாம்."

இன்னொன்று செய்தார். அது முதலில் வந்ததைவிட நன்றாக வந்தது. வேண்டுமென்றே மட்டமாக ஒன்று செய்ய உட்கார்ந்தார், கை கேட்கவில்லை. ஒன்றில் மட்டும் குமிழி விழுந்திருந்தது. சரி, அதையாவது உடையுங்கள் என்றால், "மட்டமானதை உடைச்சா மட்டம்னுதான் தெரியும். நல்லதைப் பத்தி என்ன தெரியும்?" என்று தர்க்கம் பேசினார். ஆக, நல்லதை உடைக்க மனசில்லை, கெட்டதை உடைத்துப் பயனில்லை. உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவர் வீட்டில் குழாய்கள் பெருகிக்கொண்டே போயின, ஒன்றுகூட உடையவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

முதல் ஜோடிக்கு நுனிகளுக்குள் அலுமினிய முனைகளைச் செருகிப் பசை போட்டு ஒட்டினார்கள். ஒன்று விமானத்தில் ஏறியது, மற்றது வீட்டிலேயே துண்டுக்குள் தூங்கியது. பறக்கும் முன் மன்றத்துப் பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவர் தண்டைத் தட்டினார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஜோடியை உடைச்சுப் பாத்தாச்சா?"

நம்மாள் தலையை ஒரு மாதிரி அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பரிசோதகர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே நின்ற தம்பி இறக்கையில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

வீடு திரும்பியதும் வீட்டம்மா தம்பியைத் தனியாகப் பிடித்தார். "உடைச்சதை நீ பாத்தியா?"

"மாமா பாத்துக்குவார்க்கா."

"நீ பாத்தியா?"

"நாளைக்குக் காலைல பறக்கப்போறேன். இப்பப் போய் அவரைக் கேட்டா, இத்தனை நாள் உழைச்ச மனுஷன்... விடேன்க்கா."

வீட்டம்மா உள்ளே போய், துண்டுக்குள் இருந்த தண்டை எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தார். மேலே இரும்பு விட்டத்தைக் காட்டினார்.

"இதை அங்க மாட்டுங்க."

"எதுக்கு?" என்றார் நம்மாள்.

"உங்களுக்கு உடைக்க மனசு வரல. சரி, உடைக்க வேண்டாம். தொங்குங்க."

"நானா?"

"நாளைக்கு என் தம்பி இதை நம்பித்தான் ஆகாயத்துல இருக்கப்போறான். பயந்து பிடியை இழுத்தா ஒரு ஆள் பாரம் இதுல வரும்னு நீங்கதான சொன்னீங்க? நீங்க தரைக்கு மேல ஒரு சாண்ல தொங்குங்க. போதும்."

நம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தொங்குகிறேன், இப்பவே தொங்குகிறேன் என்று தண்டின் மேல் முனையை விட்டத்தில் மாட்டி, கீழ் முனையில் ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே செருகினார். திரும்பிப் பார்த்தால் வீட்டம்மா கட்டில் மெத்தையை இழுத்துக்கொண்டு வருகிறார்.

"மெத்தை எதுக்கு? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்கமேல இருக்கு. உங்க இடுப்புமேல இல்ல."

நம்மாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். தண்டு அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். ஆள் கிடைத்துவிட்டால் இந்த இனம் சும்மா இருக்குமா? தொங்கியபடியே விளக்க ஆரம்பித்தார். "இரும்பைவிடப் பலம் சார். எடை பாத்தா ஒண்ணுமே இல்ல. இதையே கம்பெனிக்காரன் பண்ணியிருந்தா..." முகம் சிவந்து, நரம்பு புடைத்து, அவ்வளவு சந்தோஷமாக அவரை வீட்டம்மா பார்த்ததே இல்லை.

"போதும் மாமா, இறங்குங்க" என்றான் தம்பி.

"இருடா, இன்னும் கொஞ்..."

படார் என்று ஒரு சத்தமோ, மடக் என்று ஒரு முறிவோ எதுவும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சோடு பேச்சாக மெத்தையில் உட்கார்ந்திருந்தார். கையில் கம்பி, கம்பியோடு முழுக் குழாய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. ஒரு கீறல்கூட இல்ல."

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டத்தில் அலுமினிய முனை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பசை சுத்தமாக, வட்டமாக, குழாயின் உள்வாயை அச்சில் வார்த்த மாதிரி அப்படியே இருந்தது. பசை முனையை விடவில்லை. குழாய்தான் பசையை விட்டுவிட்டது.

தம்பி மெத்தையில் மண்டியிட்டு, குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் பளபளத்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"மெழுகு, மாமா."

அச்சில் ஒட்டக் கூடாது என்று பூசிப் பூசி வைத்த மெழுகு, குழாயின் உள்சுவரெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. அச்சு வழுக்கிக்கொண்டு வந்ததே, எந்த வழுக்கலைப் பார்த்து அவர் பூரித்துப் போனாரோ, அதே வழுக்கல்தான். குழாயில் குற்றமில்லை. அதில் எதுவும் ஒட்டாது, அவ்வளவுதான். விமானத்தில் ஏறியிருப்பதும் இதன் ஜோடிதான்.

நம்மாள் விரலையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். உயரத்தில், தனியாக, அவன் பிடியை இழுக்கிறான். பிடி இலேசாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல், கையோடு வந்துவிடுகிறது. அவர் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது.

"நான் உன்னைக் கொன்னிருப்பேன்டா" என்றார். பிறகு அழுதார். கேலி செய்ய வந்தவன் நான், ஆனால் அந்த அழுகையில் கேலிக்கு இடமில்லை.

"விடுங்க மாமா. நான் கேட்டிருக்கணும்."

"ஆமா, நீ கேட்டிருக்கணும்" என்று வீட்டம்மா பிடித்துக்கொண்டார். "உனக்கு வாய் இல்லையா? மாமா மனசு நோகும்னு செத்துப்போவியா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எங்க கொண்டுபோய் நிறுத்தப் பாத்தீங்க?" சொல்லிவிட்டு அவரும் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தலை மரியாதையாகச் சுவருக்குக் கீழே இறங்கியது.

மறுநாள் காலை நம்மாள் மன்றத்துக்குப் போய்ப் பரிசோதகர் முன்னால் நின்று, "நான் உடைக்கல" என்றார். பரிசோதகர் என்னென்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது. ஆதாரம் கேட்டே பிழைத்த மனிதர் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

அப்புறம்? விட்டுவிட்டாரா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு படித்த பிறகுமா இந்தக் கேள்வி? மறுபடியும் துணி, மறுபடியும் பசை. இந்தத் தடவை உள்சுவரை அசிட்டோன் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வீட்டம்மா மருந்துக்கடைக் கண்ணோடு விரல் விட்டுப் பார்த்து, "ம், சரி" என்ற பிறகே முனையை ஒட்டினார்கள். ஜோடியைப் பரிசோதகர் கண்ணெதிரே பாரம் ஏற்றி உடைத்தார்கள். நம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். தேவைக்கு மூன்று மடங்கு பாரம் தாங்கி, அதன் பிறகுதான் முறிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கு மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி பறந்த நாளில் மன்றத்து ஆட்கள் பத்திருபது பேர் வேலி ஓரமாக நின்றார்கள். விமானம் ஓடி, எழும்பி, மரங்களுக்கு மேலே போய்ச் சின்னதாகிவிட்டது. நம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"அந்தக் கறுப்புத் தண்டு அழகா இருந்துச்சே. எங்க வாங்கினது?"

வீட்டம்மா திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு கேள்விக்காக நம்மாள் ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர், இவர் காது கேட்காத ஆள்போல என்று நினைத்து விட்டுவிட்டார். விமானம் ஒரு பெரிய வட்டம் போட்டது. திரும்பியது. இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு துள்ளுத் துள்ளி, ஓடி, நின்று, விசிறி சுற்றுவதை நிறுத்தி, ஓட்டைப்பல் தெரியத் தம்பி கையசைத்த பிறகுதான் அவர் வேலியை விட்டுக் கையை எடுத்தார்.

"நான்தான் பண்ணினேன்" என்றார். குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததால் கேட்டவர் காதில் விழவில்லை.

இந்த ஆள் திருந்திவிட்டார், இனி அவரை விட்டுவிடலாம். எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. "எனக்குச் சுத்தியல் பிடிக்கவே தெரியாதே" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். நான் குழாயைச் சொல்லவில்லை. நீங்களும் எதையாவது செய்து வைத்திருப்பீர்கள்: பிள்ளைக்கு என்ன படிப்பு என்று ஒரு திட்டம், குடும்பத்துக்கு எது நல்லது என்று ஒரு முடிவு, யார் எப்படிப்பட்டவர் என்று ஒரு தீர்ப்பு. எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். எதிரே இருந்தவர், "நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்திருப்பார். அந்த இழுப்பு உங்கள் காதில் விழுந்ததா? உங்கள் வீட்டில் நீங்கள் செய்வதையெல்லாம் எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே சொல்கிறார்களா? அப்படியானால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக, உங்கள் தண்டை நம்பி இந்நேரம் யார் மேலே போயிருக்கிறார்கள் என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.